பழைய டிஸ்க்கை மாட்டினால் ‘ஆக்சஸ் டினைடு’: ஓனர்ஷிப் எடுக்கலாமா, வேண்டாமா?

#1 வெண்திரை

பழைய கம்ப்யூட்டரின் (விண்டோஸ் 10 ப்ரோ) ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு விண்டோஸ் 11-இல் மாட்டியிருக்கிறேன். இரண்டு பார்ட்டிஷன்: எஃப், ஜி. எஃப்:\யூசர்ஸ் உள்ளே பழைய கணக்கின் ஃபோல்டரைத் திறந்தால், திறக்க அனுமதி இல்லை என்கிறது. ‘கன்டினியூ’ அழுத்தினால் பச்சைப் பட்டை நெடுநேரம் ஊர்கிறது. பிறகு சில ஃபோல்டர் திறக்கிறது, சிலது மறுபடி மறுக்கிறது. செக்யூரிட்டி டேபில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அக்கவுண்ட் அன்னோன்’, பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 என்று முடியும் நீள எண். ஜி-யில் உள்ள படங்கள் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் திறக்கின்றன. என் கணக்கு அட்மின்தான். எடுக்க வேண்டியது சுமார் 180 ஜிபி. மொத்த டிஸ்க்குக்கும் ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துவிடலாமா?

#2 சுருக்குவழி

கொடுங்க, அவ்வளவுதான். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல். வீட்டு டிஸ்க்குக்கு யார் வந்து கேட்கப் போறாங்க.

#3 கருந்திரை

கொஞ்சம் பொறுங்க வெண்திரை. எதையும் மாற்றாமலே எடுத்துவிடலாம்.

முதலில் அந்த நீள எண்ணைப் பார்ப்போம். விண்டோஸுக்கு உங்கள் பெயர் முக்கியமில்லை. எஸ்ஐடி என்ற அந்த எண்தான் ஆள். 21-க்குப் பிறகு வரும் மூன்று பெரிய எண்கள் பழைய கம்ப்யூட்டரைக் குறிக்கும், கடைசி 1001 அதில் இருந்த பயனரைக் குறிக்கும். புதிய கம்ப்யூட்டரில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்துக் கணக்கு தொடங்கினாலும் எண் வேறு, ஆகவே ஆளும் வேறு. பெயர் தெரியாததால் ‘அன்னோன்’ என்று காட்டுகிறது. அது பழுது அல்ல.

சில எண்கள் மட்டும் எல்லா விண்டோஸிலும் ஒன்றே. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு எஸ்-1-5-32-544, யூசர்ஸ் குழு 545, லாகின் ஆன எவரையும் குறிக்கும் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ எஸ்-1-5-11. டேட்டா பார்ட்டிஷனில் சாதாரணமாக இந்தப் பொதுக் குழுக்களுக்கே அனுமதி இருக்கும். அதனால்தான் ஜி தானாகத் திறக்கிறது. பயனர் ஃபோல்டரில் மூன்று பேர்தான்: சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், பழைய நீங்கள்.

“நானும் அட்மின்தானே” என்பது நியாயமான கேள்வி. அட்மின் கணக்கில் நுழைந்தாலும் எக்ஸ்ப்ளோரர் அட்மின் அதிகாரத்தோடு ஓடுவதில்லை. யூஏசி என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி அந்த அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உங்களுக்கு டெஸ்க்டாப்பைத் தருகிறது. ‘கன்டினியூ’ அழுத்தியதும் அது என்ன செய்கிறது தெரியுமா? அட்மின் அதிகாரத்தை ஒரு கணம் எடுத்து, உங்கள் புதிய கணக்கின் பெயரை அந்த ஃபோல்டரிலும் உள்ளே உள்ள ஒவ்வொரு ஃபைலிலும் நிரந்தரமாக எழுதுகிறது. பச்சைப் பட்டை ஊர்வது அதற்காகத்தான். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பெயரே இல்லாத ஃபோல்டரில் அதற்கும் வழியில்லை, அங்கே நின்றுவிடுகிறது.

இனி வேலை. விண்டோஸோடே வரும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கருவி போதும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வழியாகத் திறந்து:

ரோபோகாப்பி எஃப்:\யூசர்ஸ்\பழையபெயர் டி:\மீட்டவை /இ /பி /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /லாக்:டி:\பதிவு.டெக்ஸ்ட்

இதில் உயிர் /பி. அது பேக்கப் முறை. பேக்கப் எடுக்கும் உரிமை உள்ளவர் படிக்க வரும்போது விண்டோஸ் ஃபைலின் அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதில்லை. அட்மினாகத் திறக்காத ஜன்னலில் ஓட்டினால் அந்த உரிமை இல்லை என்று சொல்லி நின்றுவிடும். /இ காலி ஃபோல்டர் உட்பட எல்லாத் துணை ஃபோல்டரும். /எக்ஸ்ஜே கட்டாயம். பழைய கணக்கின் உள்ளே ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற போலி ஃபோல்டர் இன்னொரு ஃபோல்டரைச் சுட்டிக்கொண்டிருக்கும். இந்த ஸ்விட்ச் இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

/ஆர், /டபிள்யூ இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி தோற்ற ஒரு ஃபைலை 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி காத்திருந்து முயலும். இந்த இயல்பை யார் வைத்தார்களோ!

காப்பி ஆகும் ஃபைல்கள் பழைய அனுமதியைக் கொண்டுவருவதில்லை. டி:\மீட்டவை ஃபோல்டரின் அனுமதியைத்தான் எடுத்துக்கொள்ளும். அதாவது அவை உங்களுடையவை. /காப்பிஆல், /செக் இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ‘அன்னோன்’ ஆசாமியும் கூடவே குடிவந்துவிடுவார்.

#4 சுருக்குவழி

சரி, ஆனா எவ்ரிஒன் கொடுத்தாலும் இதே பலன்தானே?

#5 கருந்திரை

சில இடத்தில் அதுகூடக் கிடைக்காது. ஓனராக இல்லாத, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸும் இல்லாத ஃபோல்டரில் அனுமதியை மாற்றவே முடியாது; முதலில் ஓனர்ஷிப் எடுக்க வேண்டும். மாற்ற முடிந்த இடத்தில் இலட்சக்கணக்கான சின்ன ஃபைல்களில் ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருக்கும். டிஸ்க் பழையது. படிப்பதற்கே தள்ளாடுகிற டிஸ்க்கில் எழுதும் வேலையைக் கூட்டுவது நல்லதில்லை. பாதியில் கேபிள் அசைந்தால் பாதி பழைய அனுமதி, பாதி புது அனுமதி என்று நிற்கும்.

#6 வெண்திரை

ஓட்டினேன். பெரும்பகுதி வந்துவிட்டது. பதிவின் கடைசியில் ‘ஃபெயில்டு’ கட்டத்தில் 231. எரர் எண்கள் கலந்து கிடக்கின்றன: 5 நிறைய, 362 கொஞ்சம், 23 மூன்றே மூன்று. எரர் 5 எல்லாம் ஒரே ஃபோல்டரில். அந்த ஃபைல்களின் ஐகானில் சின்னப் பூட்டு இருக்கிறது.

#7 மூன்றாம்விசை

எண்ணைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. செய்தியைவிட எண்தான் பேசும்.

23 என்றால் படிக்கும்போது தரவு பொருந்தவில்லை, சிஆர்சி பிழை. அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டிஸ்க்கின் அந்தப் பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் காப்பி ஆகும் வரை இந்த மூன்றோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

362 கிளவுட் ஃபைல். ஒன்டிரைவில் ‘ஆன்லைன் மட்டும்’ என்று இருந்தவை. டிஸ்க்கில் இருப்பது பெயரும் அளவும் காட்டும் கூடு, உள்ளே தரவு இல்லை. அந்தக் கணக்கில் லாகின் செய்து இறக்கிக்கொள்ளுங்கள்.

எரர் 5 பொதுவாக அனுமதி மறுப்பு. ஆனால் /பி போட்டும் 5 வருகிறது, ஐகானில் பூட்டும் இருக்கிறது என்றால் அது இஎஃப்எஸ் என்ற விண்டோஸ் குறியாக்கம். ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பாருங்கள். ‘என்கிரிப்ட் கான்டென்ட்ஸ்’ டிக் ஆகியிருக்கும். ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது, உங்களுடையது ப்ரோ என்பதால் பொருந்துகிறது.

இங்கே ஓனர்ஷிப், எவ்ரிஒன், லினக்ஸ் எதுவும் பலிக்காது. அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவலாளி, அவரைத் தாண்டிப் போக வழியுண்டு. குறியாக்கத்தில் எழுத்தே மாறியிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி பழைய கணக்கின் சான்றிதழோடு இருக்கிறது, சாவியைக் காப்பது அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. இரண்டு வழிதான். எப்போதாவது சான்றிதழை பிஎஃப்எக்ஸ் ஃபைலாக ஏற்றுமதி செய்திருந்தால், புதிய கம்ப்யூட்டரில் அதை இரட்டைக் கிளிக் செய்து இறக்குமதி செய்தால் போதும். இல்லையென்றால் பழைய விண்டோஸையே பூட் செய்து பழைய பாஸ்வேர்டால் நுழைந்து, சான்றிதழ்களைக் காட்டும் ‘செர்ட்எம்ஜிஆர்’ திறந்து, பர்சனல் பகுதியில் உள்ள சான்றிதழைத் தனிச்சாவியோடு ஏற்றுமதி செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எந்தக் கருவியாலும் ரீசெட் செய்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் கணக்கு திறக்கும், சாவி திறக்காது. அந்த எஃப் பார்ட்டிஷனை இப்போதைக்கு ஃபார்மட் செய்யவும் வேண்டாம். சாவி அதற்குள்தான் இருக்கிறது.

#8 முனையம்

லினக்ஸ் பெயர் வந்ததால் ஒரு சொல். அனுமதி மட்டும்தான் தடை என்றால் லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து காப்பி எடுப்பதும் நடக்கும். விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்க லினக்ஸில் இருக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி இயல்பாக விண்டோஸின் அனுமதிப் பட்டியலைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் டிஸ்க் ‘படிக்க மட்டும்’ என்று ஏறினால் திகைக்காதீர்கள். விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அதைப் பாதி உறக்கத்தில் விட்டிருக்கும், அதில் எழுத லினக்ஸ் மறுக்கும். காப்பி எடுக்கப் படிக்க மட்டும் முடிந்தால் போதுமே. எழுதியே ஆக வேண்டும் என்றால் அந்த விண்டோஸுக்குள் போய் ‘ஷட்டவுன் /எஸ் /டி 0’ கொடுத்து முழுதாக அணைக்க வேண்டும்.

#9 நாலுகால்

இதே இழையில் கேட்கலாமா? என்னுடையது லினக்ஸ்தான். வீட்டு ஃபோல்டர் முழுக்க, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை -ஆர் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்று ஓட்டியாகிவிட்டது. இப்போது எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையும் கருவி) சாவியை ஏற்க மறுக்கிறது. எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்த இன்னொரு டிஸ்க்கில் சிஎச்மாட் கொடுத்தால் எந்த மாற்றமும் இல்லை.

#10 முனையம்

கேளுங்கள், கேள்வி இரண்டும் ஒரே வேரில்தான் வருகின்றன.

எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் அனுமதியை எழுதி வைக்க இடமே கிடையாது. நீங்கள் காண்பது மவுண்ட் ஆகும்போது (டிஸ்க் இணையும்போது) லினக்ஸ் எல்லா ஃபைலுக்கும் ஒட்டுமொத்தமாக ஒட்டிய லேபிள். ஆகவே மவுண்ட் செய்யும் இடத்தில்தான் மாற்ற முடியும்: மவுண்ட் விவரம் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரியில் யூஐடி=1000, ஜிஐடி=1000, டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133 சேருங்கள். ஃபோல்டர் 755, ஃபைல் 644 என்று வரும். உங்கள் எண் 1000-தானா என்று ‘ஐடி’ கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாட்டாமல் பூட் செய்தால் நின்றுவிடாமலிருக்க ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்ப்பது நல்லது.

இனி 777. மூன்று இலக்கமும் ஓனர், குழு, மற்றவர் என்ற வரிசை. படிக்க 4, எழுத 2, எக்ஸ் 1, கூட்டிக்கொள்ளுங்கள். ஃபைலில் எக்ஸ் என்றால் ஓட்டலாம். ஃபோல்டரில் எக்ஸ் என்றால் உள்ளே நுழையலாம். படிக்கும் அனுமதி மட்டும் இருந்து எக்ஸ் இல்லாத ஃபோல்டரில் பெயர்கள் தெரியும், ஒன்றையும் திறக்க முடியாது. இன்னொன்றையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் எழுதும் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி தேவை. 444 ஃபைல் அழிந்துபோவதும், 666 ஃபைல் அழிய மறுப்பதும் இதனால்தான்.

சரிசெய்ய வழக்கமாகச் சொல்லும் ‘பெரிய எக்ஸ்’ (ஆங்கிலப் பெரிய எழுத்து) உங்களுக்கு உதவாது. பெரிய எக்ஸ் ஃபோல்டருக்கும், ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைலுக்கும் எக்ஸ் கொடுக்கும். 777 போட்ட பிறகு எல்லா ஃபைலிலும் எக்ஸ் இருக்கிறதே! பிரித்துத்தான் செய்ய வேண்டும். அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

ஃபைண்ட் . -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 755 {} +
ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 644 {} +

டைப்பில் வரும் டி, ஃபோல்டரைக் குறிக்கும் டைரக்டரியின் டி. சொந்த ஸ்கிரிப்டுகள் எக்ஸை இழக்கும், அவற்றுக்கு மட்டும் கையால் திருப்பிக் கொடுங்கள். பிறகு .எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, உள்ளே தனிச்சாவி 600. மற்றவர் படிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்எச் தொடவே தொடாது. அது குறையில்லை, வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு.

#11 நாலுகால்

ஆயிற்று, எஸ்எஸ்எச் வேலை செய்கிறது. இன்னொரு ஃபோல்டர்: 755, ஓனர் நான்தான், ஆனாலும் ‘பெர்மிஷன் டினைடு’.

#12 முனையம்

கடைசி ஃபோல்டரை மட்டும் பார்க்கிறீர்கள். வேரிலிருந்து வரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் வேண்டும். ‘நேம்ஐ -எல்’ என்று கொடுத்து முழுப் பாதையைத் தட்டுங்கள். ஒவ்வொரு படியின் அனுமதியும் ஓனரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். எந்தப் படியில் உங்களுக்கு எக்ஸ் இல்லையோ அங்கேதான் சிக்கல்.

அதிலும் சிக்கல் இல்லையென்றால் ‘எல்எஸ் -எல்’ வரியில் அனுமதி எழுத்துகளின் வாலைப் பாருங்கள். கூட்டல் குறி இருந்தால் கூடுதல் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) உண்டு, ‘கெட்எஃப்ஏசிஎல்’ காட்டும். புள்ளி இருந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பின் முத்திரை. வேறிடத்திலிருந்து நகர்த்திய ஃபைலில் பழைய முத்திரை ஒட்டியிருக்கும், ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி’ (ஆர் பெரிய எழுத்து) சரிசெய்யும்.

செய்தியின் சொல்லையும் கவனியுங்கள். ‘பெர்மிஷன் டினைடு’ வேறு, ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வேறு. ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) செய்தும் இரண்டாவது வந்தால் ‘எல்எஸ்அட்டர்’ போட்டு ‘ஐ’ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த ஃபைல் மாற்றமுடியாதபடி பூட்டப்பட்டது. ‘சிஎச்அட்டர் -ஐ’ நீக்கும். மூன்றாவதாக ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால் அனுமதியை மறந்துவிட்டு கெர்னலின் பதிவைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ பாருங்கள், டிஸ்க்கில் பிழை கண்டு கெர்னலே எழுத்தை நிறுத்தியிருக்கலாம்.

#13 தட்டச்சு_தாத்தா

மேக்கில் அந்த இரண்டாவது செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. 2018-இல் வந்த மொஹாவி தொட்டு மெயில் போன்ற இடங்களிலும், 2019-இல் வந்த கேட்டலினா தொட்டு டெஸ்க்டாப் போன்ற இடங்களிலும் ஒவ்வொரு ஆப்பும் தனியாக இசைவு பெற வேண்டும். டெர்மினலில் சூடோ (ரூட் அதிகாரம்) போட்டும் மறுத்தால், சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி & செக்யூரிட்டி, ஃபுல் டிஸ்க் ஆக்சஸ், அங்கே டெர்மினலை இயக்கி, மூடித் திறக்க வேண்டும். சிஎச்மாட் ஓட்டி அனுமதியைக் கலைத்துவிட்டு இங்கே வருபவர்கள்தான் அதிகம்.

#14 மூன்றாம்விசை

விண்டோஸிலும் அனுமதி வேஷம் போடுபவை உண்டு. ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயங்கினால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் சேமிக்க முடியாது, மற்றதெல்லாம் முடியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடக்‌ஷன் ஹிஸ்டரி’யில் பெயரோடு இருக்கும், அந்த ஆப்பை மட்டும் அனுமதியுங்கள்.

ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரீட்-ஒன்லி’ பக்கத்தில் தெரியும் நிரப்பிய கட்டத்தைப் பலர் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள், திரும்ப வருகிறது என்று புலம்புகிறார்கள். அது அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. விட்டுவிடுங்கள். சி:\டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் திறக்க மறுப்பதும் அப்படித்தான்: பழைய மென்பொருளுக்காக வைத்த போலிக் கதவு. வேண்டுமென்றே ‘டினை’ போட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் ‘திருத்த’ வேண்டாம்.

#15 வெண்திரை

பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு உயிரோடு இல்லை, ஆனால் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டருக்குள் வைத்தபோது விண்டோஸ் 10 பூட் ஆகிவிட்டது. பழைய பாஸ்வேர்டால் நுழைந்து பிஎஃப்எக்ஸ் எடுத்தாயிற்று, பூட்டுப் போட்ட ஃபைல்கள் இங்கே திறக்கின்றன. ஜி பார்ட்டிஷனைத் தொடர்ந்து இங்கேயே பயன்படுத்தலாம் என்றிருக்கிறேன். அதில் இரண்டு மூன்று ஃபோல்டர் மட்டும் அடம்பிடிக்கிறது. அதற்கு ஓனர்ஷிப் எடுக்கலாம்தானே?

#16 கருந்திரை

அதற்குத்தான் ஓனர்ஷிப். அந்த ஃபோல்டர்களுக்கு மட்டும், சி-யில் எங்கும் கூடாது. முன்னெச்சரிக்கையாக அட்மின் ஜன்னலில்:

ஐகேக்ல்ஸ் ஜி:\அடம் /சேவ் டி:\அனுமதி.டெக்ஸ்ட் /டி /சி
டேக்ஓன் /எஃப் ஜி:\அடம் /ஆர் /டி ஒய்
ஐகேக்ல்ஸ் ஜி:\அடம் /ரீசெட் /டி /சி

ஐகேக்ல்ஸில் வரும் /டி டைகரின் டி, டேக்ஓனில் வரும் /டி டாக்கின் டி. குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் வரி இருக்கும் அனுமதியைச் சேமிக்கிறது. ஓனர் யார் என்பதை அது சேமிக்காது, அனுமதிப் பட்டியல் மட்டும்தான். திருப்பி வைக்க நேர்ந்தால் ஜி:\ என்று மேல் ஃபோல்டரைக் கொடுத்து /ரெஸ்டோர் செய்ய வேண்டும். ஜி:\அடம் என்று கொடுத்தால் ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லும். மூன்றாம் வரி தனித்தனியாக ஒட்டிய அனுமதிகளை எல்லாம் உரித்துவிட்டு மேலிருந்து வருவதை மட்டும் வைக்கிறது. ஒவ்வொன்றாகக் ‘கிராண்ட்’ கொடுத்துக்கொண்டு போவதைவிட இதுவே சுத்தம்.

பிறகும் மறுத்தால் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ டேபில் உங்கள் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். எங்கோ ஒரு ‘டினை’ தெரியும். அந்த ஃபோல்டரிலேயே நேராகப் போட்ட டினை எல்லா அலோவையும் தோற்கடிக்கும். மேலிருந்து இறங்கிய டினை மட்டும் நேராகப் போட்ட அலோவிடம் தோற்கும்.

ஒரே பார்ட்டிஷனுக்குள் ஃபைலை ‘கட்–பேஸ்ட்’ செய்தால் பழைய அனுமதி கூடவே வரும், ‘காப்பி’ செய்தால் புது இடத்து அனுமதி கிடைக்கும். ஜி-யில் அந்த இரண்டு மூன்று ஃபோல்டர் வந்தது அநேகமாக அப்படித்தான், பிரத்யேக அனுமதி வைத்த ஏதோ ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்டவையாக இருக்கும்.

#17 வெண்திரை

மூன்று வரியும் ஓடியது, திறந்துவிட்டது. ஒரு வினோதம்: ஜி முழுவதையும் ஒரு பிரதி வைக்கலாம் என்று ரோபோகாப்பி ஜி:\ டி:\ஜிபிரதி என்று, முன்பு சொன்ன ஸ்விட்சுகளோடு ஓட்டினேன். பிழையில்லாமல் முடிந்தது. டி-யைத் திறந்தால் ஜிபிரதி ஃபோல்டரே இல்லை! டிஸ்க்கில் இடம் மட்டும் குறைந்திருக்கிறது.

#18 மூன்றாம்விசை

இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. டிஸ்க்கின் வேர் ஃபோல்டருக்கு ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு பண்பு உண்டு. வேரையே காப்பி செய்ததால் அவை ஜிபிரதிக்கும் ஒட்டிக்கொண்டன.

அட்ரிப் -எச் -எஸ் டி:\ஜிபிரதி

எக்ஸ்ப்ளோரரில் எஃப்5 அழுத்துங்கள், வந்துவிடும். அடுத்த முறை கட்டளையிலேயே /ஏ-:எஸ்எச் சேர்த்துவிட்டால் இந்தக் கண்ணாமூச்சி இராது. ஆனால் அது உள்ளே இருக்கும் ஃபைல்களின் ஹிடன், சிஸ்டம் பண்பையும் நீக்கும், ஆகவே டெஸ்க்டாப்.ஐஎன்ஐ எல்லாம் வெளியே தலைகாட்டும். அதை அழிக்கத் தேவையில்லை.

#19 வெண்திரை

வந்துவிட்டது. எஃப்-ஐ இன்னும் ஃபார்மட் செய்யவில்லை. பிஎஃப்எக்ஸைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, அந்த மூன்று சிஆர்சி ஃபைலை இனிதான் பார்க்க வேண்டும்.